செவ்வாய் ராத்திரி தூக்கம்: பெரும்பாக்கத்துல ஒரு கேஸ், 2020-21

2020 நவம்பர்ல சென்னை பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு பக்கம் ஒரு மெடிக்கல் கேம்ப். நெஞ்சு படபடன்னு அடிக்குது, நைட்டு மூச்சு முட்டுதுன்னு ஒரு அக்கா வந்தாங்க. ஈசிஜி நார்மல், சுகர் நார்மல், பிபி மட்டும் கொஞ்சம் கூட. டாக்டருக்குப் பின்னாடி நூறு பேர் நிக்கிறாங்க, அவர் சீட்டுல "கவுன்சிலிங்"னு ஒரே வார்த்தை எழுதி என் டேபிளுக்கு அனுப்பிட்டாரு. நான் அப்போ எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி படிப்பு) முடிச்சு வேலைக்கு சேந்து ஒரு வருஷம் கூட ஆகல.

அவங்ககிட்ட கேட்டுட்டுதான் இத எழுதுறேன். யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்தியிருக்கேன், பேரு போடல. வயசு 36, வீட்டு வேலை. வீட்டுக்காரர் பெயின்டர். பையன் பத்தாவது முடிச்சவன், பொண்ணு எட்டாவது, கூட மாமியார். அஞ்சு பேருக்கும் ஆறாவது மாடில ஒரு வீடு, லிஃப்ட் ஓடுற அன்னிக்கு ஓடும்.

முதல் நாள் நான் பண்ணினது எல்லாமே புத்தகத்துல இருக்கிற மாதிரிதான். பிஎச்கியூ-9 ஃபார்ம எடுத்தேன். மனச்சோர்வு எவ்ளோ இருக்குன்னு பாக்க ஒம்போது கேள்வி, போன ரெண்டு வாரத்துல எத்தன நாள் அப்டி இருந்துச்சுன்னு கேக்கணும், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க்கு, மொத்தம் 27. அக்காவுக்கு 19 வந்துச்சு. 20 தொட்டா தீவிரம்னு அர்த்தம், அதுக்கு ஒரு மார்க்கு கீழ. அஞ்சாவது கேள்வி பசி பத்தினது. "சாப்பாடு பிடிக்காம இருக்கா, இல்ல அதிகமா சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டேன். அக்கா என்ன ஒரு மாதிரி பாத்துட்டு சிரிச்சாங்க. "இருந்தா புடிக்கும் மேடம்." இதுக்கு எத்தன மார்க்கு போடுறதுன்னு எனக்கு ட்ரெய்னிங்ல யாரும் சொல்லித்தரல. பசிச்சும் சாப்பிடாம பசங்களுக்கு எடுத்து வெக்கிறவங்களுக்கு அந்த கேள்வி எத அளக்குதுன்னே தெரியாது. நான் 2 போட்டேன், இன்னிக்கு வரைக்கும் அது சரியான்னு எனக்கு டவுட்டுதான்.

அன்னிக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், படம் போட்ட ஒரு பேப்பர் குடுத்தேன், அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பி வெச்சேன். அடுத்த வாரம் வந்து உக்காந்ததும் கேட்டாங்க, "மூச்ச இழுத்து வுட்டா புதன்கெயம வராதாமா?"

புதன்கிழமைதான் குழு லோன் கட்டுற நாள். அது புரியணும்னா ஒரு வருஷம் பின்னாடி போகணும்.

கூவம் கரையில இருந்து

இவங்க குடும்பம் சென்ட்ரல் பக்கம் கூவம் கரையில ரெண்டு தலைமுறையா இருந்தவங்க. 2019 கடைசியில, ஸ்கூல் வருஷம் பாதி ஓடிட்டு இருக்கிறப்பவே, அந்தப் பக்கம் குடிசைகள காலி பண்ணி பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க இல்லயா, அதுல வந்தவங்க. 25 கிலோமீட்டருக்கு மேல தூரம். 2011 சென்சஸ் படி சென்னை ஜனத்தொகைல நாலுல ஒரு பங்குக்கு மேல குடிசைப் பகுதில இருக்கிறவங்கதான். அதுல ஒரு பெரிய கூட்டத்த வருஷா வருஷம் கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஓஎம்ஆர் பக்கம் தள்ளிட்டே இருக்காங்க. வீடு பக்கா வீடுதான், வெள்ளம் வந்தா முழுகாது, அத இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அக்கா சேத்துப்பட்டுல மூணு வீட்டுல வேலை செஞ்சு மாசம் 7000 வாங்கிட்டு இருந்தாங்க. இங்க வந்தப்புறம் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், அதனால ஒரு வீட்ட விட்டுட்டாங்க. 4500 ஆச்சு, அதுலயும் பஸ்ஸுக்கு ஆயிரம் ரூபா கிட்ட போயிடும்.

யாரும் கணக்குல எடுக்காத இன்னொண்ணும் இருக்கு. பழைய எடத்துல அண்ணாச்சி கடையில அக்கவுண்ட் இருந்துச்சு. அரிசி, எண்ணெய், மாசக் கடைசியில பால் எல்லாம் நோட்டுல எழுதிட்டு வாங்கிக்கலாம். பக்கத்து வீட்டுல 200 ரூபா கைமாத்து கேக்கலாம், வட்டி கிடையாது, ஏன்னா அவங்களும் நாளைக்கு கேப்பாங்க. இங்க வந்து மூணு மாசம்கூட ஆகல, ஒவ்வொரு பிளாக்குலயும் வேற வேற எடத்துல இருந்து வந்த ஜனங்க, யாரு யாருன்னே தெரியாது, கடைக்காரர் கடன் தரமாட்டேன்னு அட்டையே மாட்டி வெச்சிருக்காரு. என் அனுபவத்துல ஒரு ஏழை குடும்பத்துக்கு பேங்க் பேலன்ஸுன்னா அது நாலு வீட்டுல கைமாத்து கேக்கிற உரிமைதான், வீடு மாத்தினப்ப அது மொத்தமும் ஜீரோ ஆயிடுச்சு. அந்த நேரம் பாத்து லாக்டவுன்.

மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு தமிழ்நாட்டுல 144 போட்டாங்க, மறுநாள்ல இருந்து நாடு முழுக்க லாக்டவுன். பெயின்டிங் வேலை அன்னிக்கே நின்னுது. வேலை செஞ்ச ரெண்டு வீட்டுல ஒரு வீடு மார்ச் சம்பளம் முழுசா, ஏப்ரலுக்கு பாதி குடுத்தாங்க, இன்னொரு வீடு "நாங்களே கூப்பிடுறோம்"னு சொன்னதோட சரி.

அரசாங்கம் அரிசி கார்டுக்கு 1000 ரூபா குடுத்துச்சு, அரிசி பருப்பு எண்ணெய் சக்கரை இலவசமா குடுத்துச்சு. நல்ல விஷயம்தான், ஆனா இவங்க கார்டு இன்னும் பழைய ரேஷன் கடையிலதான் இருக்கு, பஸ் கிடையாது. வீட்டுக்காரர் யாரோட பைக்கையோ வாங்கிட்டு, போலீஸ் எங்க நிக்குதுன்னு கேட்டு கேட்டு போயி டோக்கன் காட்டி வாங்கிட்டு வந்தாரு. பெட்ரோலுக்கும் பைக் ஓனருக்கும் போக கையில நின்னது 800. ஜன்தன்ல பொம்பளைங்க கணக்குல மாசம் 500 ரூபான்னு மூணு மாசம் போட்டாங்களே, அக்காகிட்ட இருந்தது சாதா சேவிங்ஸ் கணக்கு, அதனால அதுவும் வரல.

லாக்டவுன் ஆரம்பிச்சு மூணாவது நாள் ராத்திரி வீட்டுக்காரருக்கு கை நடுக்கம் ஜாஸ்தியாகி, சுவத்துல பூச்சி ஓடுதுன்னு கத்தி, விடியக்காலம் ஃபிட்ஸ் வந்துடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க காத்து கருப்புன்னு சொல்லி எலுமிச்சம்பழம் சுத்தினாங்க. அது காத்தும் இல்ல கருப்பும் இல்ல. இருபது வருஷமா தினமும் குடிச்ச உடம்புக்கு திடீர்னு நின்னா ரெண்டு மூணு நாள்ல வர்ற பிரச்சன, உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரில சேத்து மாத்திர ஊசியும் தயமின்னு ஒரு வைட்டமினும் குடுத்தா சரியாகும். டாஸ்மாக் ஒரே நாள்ல மூடினப்போ இந்த மாதிரி எத்தன வீட்டுல நடந்திருக்கும்னு நெனச்சு பாருங்க. கடைய மூடுறதுக்கு ஆர்டர் வந்த அதே வேகத்துல, குடிக்கிறவங்கள எங்க கூட்டிட்டு போகணும்னு தெருவுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம், செலவு ஒண்ணும் பெருசா ஆகாது. இவங்க 108ஐ கூப்பிட்டாங்க, பொழச்சாரு.

அக்கா சொன்னது: "அதுக்கப்புறம் அஞ்சு மாசம் எங்க வூட்ல சண்டையே இல்லமா. சோறும் இல்ல, சண்டையும் இல்ல." சென்னைல டாஸ்மாக் மறுபடி தொறந்தது ஆகஸ்ட் 18. மத்த ஊர்ல மே மாசமே தொறந்தாச்சு, கோர்ட்டு கேஸுன்னு நடுவுல ஒரு வாரம் மூடியும் இருந்துச்சு. ஆகஸ்ட் கடைசி வாரம் அக்கா கன்னத்துல காயத்தோட தண்ணி லாரிக்கு வந்து நின்னத பாத்ததா பக்கத்து பிளாக் அம்மா பின்னாடி எங்கிட்ட சொன்னாங்க. அக்கா அத எங்கிட்ட சொல்ல ரெண்டு மாசம் ஆச்சு.

ஜூன்ல சென்னையிலயும் சுத்தியிருந்த மாவட்டத்துலயும் 19ல இருந்து 30 வரைக்கும் திரும்ப டைட் லாக்டவுன், திரும்ப ஒரு 1000 ரூபா. அதுக்குள்ள கம்மல் சேட்டு கடைக்கு போயாச்சு, அப்புறம் தாலிக் குண்டுமணியும் போயி கயித்துல வெறும் மஞ்சக் கிழங்கு. மாமியாருக்கு சுகர் மாத்திர வாங்கணும்னு தண்டல் எடுத்தாங்க. 10,000ன்னு பேரு, கையில குடுக்கறப்பவே 1500ஐ புடிச்சுக்கிட்டு 8500தான் தருவான், தெனமும் 100 ரூபான்னு நூறு நாள் கட்டணும். வேலைக்கு போற நாள்லயே கஷ்டம், வேலையே இல்லாத நாள்ல தெனமும் சாயங்காலம் கதவ தட்டுவான்.

குழு லோன் கணக்கு

இதுதான் இந்த கேஸோட நடு முடிச்சு, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். 2019 அக்டோபர்ல 35,000 ரூபா மைக்ரோ ஃபைனான்ஸ் லோன், வருஷ வட்டி 24 பர்சன்ட், வாரம் 420 ரூபா, 104 வாரம். பொம்பளைங்க குழுவா சேந்து எடுக்கிறது, ஒருத்தர் கட்டலன்னா மத்தவங்க போட்டு கட்டணும், இல்லன்னா கட்டற வரைக்கும் எல்லாரும் உக்காரணும். குழு பழைய எடத்து குழு, ஆனா அதுல பாதிப் பேர் இப்போ இங்க வேற வேற பிளாக்ல. மார்ச் வரைக்கும் 22 வாரம் ஒழுங்கா கட்டியாச்சு, பாக்கி 82 வாரம்.

மார்ச் 27 ஆர்பிஐ மாரட்டோரியம் அறிவிச்சாங்க, முதல்ல மூணு மாசம், அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. தள்ளுபடின்னுதான் குழுல நெறைய பேர் நெனச்சிருக்காங்க. தள்ளுபடி இல்ல, தள்ளிவைப்புதான், அந்த ஆறு மாசத்துக்கும் வட்டி ஓடிட்டேதான் இருந்துச்சு. நான் உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன்: மார்ச்ல பாக்கி அசல் ஏறக்குறைய 29,000, ஆறு மாச வட்டி சேந்து 32,500 கிட்ட ஆச்சு. அதே 420 கட்டினா 82 வாரம்னு இருந்தது 96 வாரமா மாறிடும். அதாவது கட்டாம விட்ட 26 வாரத்துக்கு வெலை, எக்ஸ்ட்ரா 14 புதன்கிழமை. இத யாரும் அவங்களுக்கு ஒரு பேப்பர்ல எழுதி காட்டல. செப்டம்பர்ல கலெக்ஷனுக்கு வந்த பையன் "சிஸ்டம்ல இப்டித்தான் காட்டுதுக்கா"ன்னு சொல்லிட்டு போயிட்டான், அந்தப் பையனும் பாவம், டார்கெட் முடிக்கலன்னா அவன் சம்பளத்துல கை வெப்பாங்க.

செப்டம்பர் 1 சென்னைல பஸ் ஓட ஆரம்பிச்சுது. அக்கா பழைய வீட்டுக்கு போனா, அங்க மெஷின் வாங்கிட்டாங்களாம். புதுசா ஒரு அபார்ட்மென்ட்ல கேட்டப்போ எங்கேந்து வர்றீங்கன்னு கேட்டு, பெரும்பாக்கம்னு சொன்னதும் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. பாசிட்டிவ் வந்தா தகரம் அடிச்சு பிளீச்சிங் பவுடர் போட்டு தெருவுக்கே காட்டின காலம் அது, எடத்து பேரே நோய் மாதிரி ஆயிடுச்சு.

காலண்டர்

மூச்சுப் பயிற்சி தோத்த அந்த ரெண்டாவது வாரம், எனக்கு வேற ஒண்ணும் தோணாம, வீட்டுல மாட்டியிருக்கிற மாச காலண்டர்ல தூங்காத ராத்திரிக்கு எல்லாம் ஒரு பெருக்கல் குறி போடுங்கக்கான்னு சொன்னேன். நாலு வாரம் கழிச்சு சுருட்டி எடுத்துட்டு வந்தாங்க. 28 ராத்திரில 15 குறி. நாலு செவ்வாயும் இருந்துச்சு, மூணு திங்கள், நாலு சனி. மீதி நாலு மட்டும் அங்க இங்க. சனிக்கிழமை எதுக்குன்னா, வீட்டுக்காரருக்கு வாரக்கூலி வர்ற நாள், நேரா கடைக்கு போற நாள். திங்களும் செவ்வாயும் 420 எங்கேந்து புரட்டுறதுன்னு. நெஞ்சு படபடப்புன்னு கேம்புக்கு வந்தாங்களே, தேதிய பாத்தா அதுவும் செவ்வாய்க்கிழமைதான்.

இத பாத்த உடனே எனக்கு ஒரு ஆவேசம் வந்துச்சு, இது நோயே இல்ல, கடன்தான், மாத்திர எதுக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட போய் பேசினேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு ஒம்போதாவது கேள்விக்கு என்ன மார்க்குன்னு கேட்டாங்க. செத்துப்போனா தேவலன்னு தோணுச்சான்னு கேக்கிற கேள்வி அது. 1 போட்டிருந்தேன், அதாவது சில நாள். நான் அத மொத்தத்துல கூட்டிட்டு தாண்டிப் போயிட்டேன். அதுக்கப்புறம் எத்தனையோ கேஸ் பாத்துட்டேன், ஆனா அந்த நிமிஷம் மூஞ்சி சிவந்தது மட்டும் மறக்கல.

மறுநாளே போயி நேராவே கேட்டேன். கேட்டா அந்த எண்ணம் கெளம்பிடும்னு நெறைய பேர் பயப்படுவாங்க, அப்டி ஆகாது, கேக்கிறதுதான் பாதுகாப்பு. "தோணும்மா, பொண்ணு மூஞ்சி பாத்தா போயிடும்"னு சொன்னாங்க, அழுதாங்க. அப்படி தோணுற ராத்திரி யாரு கதவ தட்டலாம்னு சேந்து யோசிச்சோம், எதிர் வீட்டு அம்மான்னு முடிவாச்சு, அந்தம்மாகிட்ட அக்காவ வெச்சுட்டே பேசினேன். தற்கொலை எண்ணம் வந்தா கூப்பிடுற சிநேகா ஹெல்ப்லைன் நம்பர் 044-24640050, அரசாங்கத்தோட ஹெல்ப்லைன் 104, ரெண்டையும் பையன் போன்ல சேவ் பண்ணினோம். இப்போ 14416னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் இருக்கு, தமிழ்லயே பேசலாம், அப்போ அது வரல.

நாடு முழுக்க இது எந்த அளவுக்கு இருந்துச்சுன்னா, தேசிய குற்ற ஆவணக் காப்பக கணக்குல தற்கொலையில எறந்த தினக்கூலிங்க 2019ல 32,563 பேர், 2020ல 37,666, 2021ல 42,004. காரணம் லாக்டவுன் மட்டும்தான்னு இந்த நம்பர வெச்சு சொல்லிட முடியாது, முன்னாடி வருஷங்கள்லயும் ஏறிட்டேதான் இருந்துச்சு. ஆனா இந்தக் கணக்குல வீட்டு வேலை செய்ற பொம்பளைங்கள தினக்கூலியா எழுதுவாங்களா, இல்ல இல்லத்தரசின்னு எழுதுவாங்களான்னு எனக்கு அப்பப்போ தோணும், அக்காவ எந்த கட்டத்துல போட்டிருப்பாங்க?

செஞ்சது

மாத்திர தேவப்பட்டுச்சு, குடுத்தாங்க. கவர்மென்ட் மனநல ஓபில செர்ட்ராலின், இலவசம். முதல் பத்து நாள் வயித்தப் புரட்டுதுன்னு நிறுத்தப் பாத்தாங்க, சாப்பிட்டதுக்கு அப்புறம் போடச் சொன்னதும் சரியாச்சு, பலன் தெரிய மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. "பைத்தியக்கார மாத்திர"ன்னு மாமியார் சொன்னப்போ, நாங்க சுகர் மாத்திர மாதிரிதாம்மான்னு ஆயிரம் வெளக்கம் சொன்னோம், கேக்கல. கடைசியில அக்காவே பிபி மாத்திரன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. நானும் திருத்தல.

வீட்டுக்காரர குடி சிகிச்சைக்கு கூப்பிட்டோம், ரெண்டு தடவ வந்தாரு, அப்புறம் வரல. சனிக்கிழமை கூலில பாதிய மேஸ்திரி நேரா அக்கா கையில குடுக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு ஆச்சு, அத பண்ணினது நான் இல்ல, எதிர் வீட்டு அம்மா. அவங்க வீட்டுக்காரரும் அதே மேஸ்திரிகிட்டதான் வேலை.

லோனுக்கு வருவோம். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிங்களுக்கு ஆர்பிஐ விதி இருக்கு, கலெக்ஷன் பொது எடத்துல வெச்சுதான் பண்ணணும், தொடர்ந்து ரெண்டு தடவ வரலன்னாதான் வீட்டுக்கே போகலாம், மிரட்டக் கூடாதுன்னு. இத ஒரு வெள்ளப் பேப்பர்ல தமிழ்ல எழுதி குழுல இருந்த எட்டு பேருக்கும் படிச்சு காட்டினேன், அன்னிக்கு அந்த ரூம்ல இருந்த நிம்மதிய நான் எந்த கவுன்சிலிங்லயும் பாத்ததில்ல. 2021 மே 5 ஆர்பிஐ லோன ரீஸ்ட்ரக்சர் பண்ண, அதாவது தவணைய மாத்தி அமைக்க, ரெண்டாவது தடவ வழி விட்டாங்க, அத வெச்சு பிராஞ்சுக்கு மனு எழுதினோம், மூணு தடவ அலைஞ்சு, ஜூன்ல வாரம் 420ங்கிறது 300 ஆச்சு. ஆனா தவணை 134 வாரம். மொத்தத்துல அதிகமாதான் கட்டப்போறாங்க, இத நான் அவங்ககிட்ட மறைக்கல. "300ன்னா புரட்டிருவேன்மா, அது போதும்"னாங்க.

பிஎச்கியூ-9 ஸ்கோர் 2021 ஜனவரில 17, மார்ச்ல 12. அப்புறம் ரெண்டாவது அலை, மே 10ல இருந்து திரும்ப லாக்டவுன். ஆக்சிஜன் இல்லாம ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையா நின்ன நேரம், அவங்க பிளாக்லயே மூணு சாவு. நான் பயந்துட்டே ஜூன்ல ஃபார்ம எடுத்தேன், 11. ஒண்ணு கொறஞ்சுதான் இருக்கு! கொரோனா பயத்த விட வேற ஏதோ இதுல வேலை செய்யுதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. இந்த தடவ கார்டு பெரும்பாக்கம் கடைக்கே மாறியிருந்துச்சு, 2000, 2000ன்னு ரெண்டு தவணையா 4000 ரூபா, 14 பொருள் மளிகப் பை, நடந்து போய் வாங்கினாங்க. தண்டல் முடிஞ்சிருந்துச்சு. பக்கத்து பிளாக்ல நாலு வீடு பழக்கமாயிருந்துச்சு, கைமாத்து ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. மாத்திரையும் ஆறு மாசமா உள்ள போயிட்டு இருந்துச்சு. இதுல எது எவ்ளோன்னு பிரிச்சு சொல்ல என்னால முடியாது, ஒரே ஒரு கேஸ்தான் இது.

ஜூன் 21 பஸ் விட்டாங்க, மே மாசமே சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு ஆயிடுச்சு. மாசம் ஆயிரம் ரூபா மிச்சம். அவங்களுக்கு இதோட வெலை என்னன்னா, வாரத்துக்கு கணக்கு போட்டா ஏறக்குறைய ஒரு குழு தவணை.

சரியாகாத விஷயமும் இருக்கு. பையன் 2020 ஜூன்ல ஆல் பாஸ் ஆனான், பதினொண்ணாவது சேந்தான், வீட்டுல இருந்த ஒரே போன்ல தங்கச்சியும் படிக்கணும், அவன் அப்பாவோட பட்டி பாக்கப் போயிட்டான், திரும்ப ஸ்கூலுக்கு போகவே இல்ல. நான் மூணு தடவ பேசினேன். "நான் போனா 300 யாரு கட்டுறதுக்கா"ன்னு கேட்டான். பொண்ணு ஒம்போதாவது, 2021 செப்டம்பர் 1 ஸ்கூல் தொறந்ததும் போயிடுச்சு, கூட்டல் கழித்தல் கூட தடுமாறுதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.

கடைசியா ஃபார்ம் போட்டது 2021 நவம்பர். 8 வந்துச்சு. ஒம்போதாவது கேள்விக்கு 0. பசி கேள்விய கேட்டேன், "அதான் சாப்புடுறனேமா"ன்னாங்க. தூக்கத்துக்கு மட்டும் இன்னும் 1 நிக்குது. எந்த நாள்னு நான் கேக்கல, காலண்டர் அவங்க பின்னாடி சுவத்துலயே தொங்கிட்டு இருந்துச்சு. புது தவணையில 22 கட்டியாச்சு, 112 புதன்கிழமை பாக்கி.